படிக்க முடியாத இடங்கள்

திரையில் பச்சையாகவே வந்துகொண்டிருந்த கட்டங்களுக்கு நடுவில் இன்னொரு சிவப்பு விழுந்தது, லிங்கம், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, இவ்வளவு பெரிய டிஸ்க்கில் அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகச் சிவப்பு விழத்தான் செய்யும், வயசானால் மனுசன் முகத்தில் மரு வருவதில்லையா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கிட்டத்தில் போய் முறைத்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டுவிடும் என்கிற மாதிரி. பச்சை என்றால் அந்த இடத்தில் எழுதியிருப்பதைப் படிக்க முடிகிறது. சிவப்பு என்றால் பேட் செக்டார்; இடம் கெட்டுப்போய்விட்டது, எழுதினது உள்ளேயே கிடந்தாலும் படிக்க ஆளில்லை. தென்காசியில் பாதிக் கல்யாணத்தை வீடியோ எடுத்த குற்றாலிங்கத்துக்கு, ஊருக்கெல்லாம் லிங்கம் அண்ணாச்சிக்கு, இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அவர்தான் மற்றவர்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கு டக்கு டக்குன்னு சத்தம் போட்டா கையே வைக்காதிய, அப்படியே புடுங்கி எங்கிட்ட கொண்டாங்க என்று சொன்ன வாய்தானே இது. இப்போது அதே சத்தம் அவருடைய வலது கைக்குப் பக்கத்தில், டிஸ்க்கைச் செருகி வைக்கிற ஸ்டாண்டில், டக், கொஞ்ச நேரம் ஒரு இழுப்பு, மறுபடியும் டக், இருமல்காரன் மூச்சை இழுத்து விடுகிற மாதிரி. வெளியே ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் சட்டம் ஊறி உப்பிப்போயிருந்தது. இந்த ஈரம்தான் காரணமோ, ஈரம் எத்தனை வருசமாக இருக்கிறது, ஈரமில்லாமல் தென்காசி ஏது, ஈரம் காரணமாக இருக்காது. கீழே பேத்தி அழுதாள். மகள் தாரணி மாடிப்படிக்குக் கீழிருந்து, "எப்பா, ஆச்சா?" என்று சத்தம் கொடுத்தாள். "ஆயிட்டிருக்கும்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தினார். காலையிலிருந்து இதே கேள்வி, இதே பதில். பொய் இல்லை, ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்லவில்லை.

நாளைக்குப் பேத்திக்குப் பேர் வைக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் ராஜபாளையத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள், தொட்டில் கட்ட வேண்டும், பந்திக்கு ஆள் சொல்லியாயிற்று, பிள்ளைக்குத்தான் இன்னும் பேர் இல்லை. பாப்பா, குட்டி, ஏ சுந்தரி, ஏ அழுமூஞ்சி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிகிறார்கள். பேர் இருக்கிறது. அந்தப் பேர் இந்த டிஸ்க்குக்குள் இருக்கிறது. அவர் பெண்டாட்டி வடிவு சொல்லி வைத்திருக்கிறாள். காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்துவிட்டு, கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைச் சரிசெய்துகொண்டு, போனில் தட்டிக் காட்டினாள்: அந்த ஃபைலை எடுங்க. காட்டிவிட்டுச் சிரித்தாள், வெட்கப்பட்டு. கல்யாணமாகி இத்தனை வருசத்துக்கப்புறம் என்ன வெட்கம் என்று அவருக்கும் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடேதான் மாடியேறி வந்தார், அந்தச் சிரிப்போடேதான் அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் செருகினார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் கன்னத்தில் தானே ஒன்று போட வேண்டும் போல இருந்தது. வடிவின் குரல் இந்த ஊருக்கே தெரியும். உள்ளூர் கேபிளில் செய்தி வாசித்தவள். நாளைக்குக் கரண்ட் இருக்காது, இன்ன தெருவுக்குத் தண்ணி வராது, பச்சைச் சட்டை போட்ட பையனைக் காணவில்லை, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு போவானே, அதில் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுவதும் அவள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்து, ஏயக்கா, நீங்கதானா அது என்பார்கள். அவர் எடுத்த கல்யாண வீடியோவில் எல்லாம் ஆரம்பத்தில் வாழ்த்துச் சொல்வதும் அவள்தான். அந்தக் குரல் எங்கேயும் போய்விடவில்லை, ஊரில் எத்தனையோ வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் அது மைக் குரல். வாயில் கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய. வீட்டுக் குரல் வேறு. ஏங்க, அந்தக் குக்கர அமத்துங்க, எந்தக் கோட்டைய புடிக்கப் போறியன்னு அங்க நிக்கிய, என்கிற குரல். சரி என்கிற ஒரு வார்த்தையை அவள் எத்தனை விதமாகச் சொல்வாள். சரி என்றால் சம்மதம், சரீ என்றால் நீ சொல்வதை நான் நம்பவில்லை, சரிசரி என்றால் எழுந்து போ அந்தப் பக்கம். இப்போது போனில் தட்டுகிறாள், சரி என்று வருகிறது, கோபத்தில் தட்டினாளா குளிர்ந்துபோய்த் தட்டினாளா என்று அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டால் அதுவும் இல்லை.

தொண்டையில் கட்டி என்றார்கள். மதுரையில் பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இந்த வெள்ளை தெரியுது பாருங்க, இதுதான் என்று பேனா முனையால் சுற்றிக் காட்டினார். லிங்கம் வெள்ளையைப் பார்க்கவில்லை, பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட இடத்த மட்டும் எடுத்துட்டா மத்ததெல்லாம் தப்பிச்சிரும், விட்டா பரவும் என்றார் டாக்டர். கெட்ட இடம் எதுவென்று பார்த்தால் அவள் குரல் இருக்கிற இடம். பார்க்க வந்த சாதிசனம் முழுக்க, புகையிலை போடுவாளோ, பொயலை போடுவாளோ என்று கேட்டே கொன்றது; போடுத மூதியெல்லாம் நல்லாத்தான இருக்கு, அவ ஒரு வெத்தல கூட மென்னு துப்பாதவ, என்று ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே லிங்கம் கத்திவிட்டார், அதற்கப்புறம் வருகிறவர்கள் ஆரஞ்சுப்பழத்தை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள். டக். இழுப்பு. டக். சிவப்பு, பச்சை, பச்சை, அப்பாடா, ஒரு வரிசை முழுக்கப் பச்சை. இது எந்த இடம், இது தாரணி கல்யாணம் கிடக்கிற இடமாக இருக்கலாம், பழனிக்குப் போன படமாக இருக்கலாம், அதெல்லாம் போனால் போகட்டும், எங்கேயாவது சிவப்பு விழத்தான் வேண்டுமென்றால் அங்கேயெல்லாம் விழட்டும், ஏ சாமி, பழனிப் படம் முழுக்க எடுத்துக்கோ, மொட்டை போட்ட படத்தையும் சேர்த்து எடுத்துக்கோ. இப்படிப் பேரம் பேசினது இது முதல் தடவை இல்லை. மதுரையில் ஆபரேசன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்துகொண்டும் இதைத்தான் பேசினார், காலை எடுத்துக்கோ, கண்ணை எடுத்துக்கோ, என்னதை எடுத்துக்கோ என்று. கேட்கிறவன் கேட்டால்தானே.

ஆபரேசனுக்குத் தேதி குறித்த பிறகு ஒருநாள் அவள்தான் வந்து சொன்னாள். "நான் கொஞ்சம் பேசி வைக்கணும். நல்ல மைக்கப் போடுங்க. நீங்க இருக்கப்படாது." இந்த அறைதான், இந்த நாற்காலிதான். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருப்பதால் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே கேட்காது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்ததெல்லாம் பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தமும் யாரோ மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தமும்தான், உள்ளே அவருடைய பெண்டாட்டி கடைசியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள், வெளியே ஒருத்தன் கிளம்பாத வண்டியை உதைத்துக்கொண்டிருக்கிறான். கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது, செம்புத் தண்ணியை அண்ணாந்து குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க இப்பக் கேக்கப்படாது. தாரணிக்குப் புள்ள பொறந்து பேரு வைக்கைல போடுங்க. ஆணுக்கு ஒரு பேரு, பொண்ணுக்கு ஒரு பேரு சொல்லிருக்கேன். காதுல மூணு தடவ சொல்லணும்லா, அதையும் சொல்லிருக்கேன். பேரு மட்டுமில்ல." பேர் மட்டுமில்லை. இந்தக் கடைசிப் பேச்சில்தான் லிங்கம் மாட்டிக்கொண்டார், மூன்று வருசமாக மாட்டிக்கொண்டு கிடக்கிறார். பேர் மட்டுமில்லை என்றால் வேறு என்ன. பேத்திக்குச் சொன்ன கதையா. மகளுக்குச் சொன்ன புத்திமதியா. தனக்கு ஏதாவது இருக்குமா. இருக்குமென்றுதான் அவர் மனசு சொல்லியது, நல்லதாக இல்லாவிட்டால்கூடப் போகிறது, நாலு வசவாக இருந்தாலும் சரி, ஏங்க என்று ஆரம்பித்தால் போதும். சோறு இறங்காத நாளில், வண்டி ஓட்டும்போது, யாரோ வீட்டு மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரத்தில் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கும்போது, சட்டென்று உள்ளே ஒன்று, பேர் மட்டுமில்லை. ஒருநாள் கேட்டுவிட்டார், என்னதான் பேசின, எழுதியாவது காட்டேன் என்று. அவள் தலையை ஆட்டினாள். தன் காதைத் தொட்டுக் காட்டினாள். காதால் கேட்க வேண்டியது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டதை ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தான் இந்த மனுசன் என்றால் நம்புவீர்களா. ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் ஒன்றுக்கு மூன்றாகக் காப்பி போட்டு, ஒன்று உங்களுக்கு, ஒன்று பொண்ணு வீட்டுக்கு, ஒன்று என் அலமாரியில் கெடக்கட்டும், நாள மறுநாளைக்கு உதவும் என்று சொல்கிற ஆள். ஊருக்கு உபதேசம் உனக்கில்லையடி கண்ணே. ஆனால் அவர் சோம்பேறித்தனத்தால் விடவில்லை, மறந்துபோயும் விடவில்லை. அவருடைய தொழிலில் ஒன்று உண்டு. கல்யாண வீடியோ வாங்கிப் போனவர்கள் திரும்பிக் காப்பி கேட்டு வரவே மாட்டார்கள். அவனவன் ஒருதரம் பார்ப்பான், பீரோவில் வைத்துப் பூட்டுவான், மறந்துவிடுவான். வருசம் கழித்து ஒருத்தர் படியேறி வந்து, அண்ணாச்சி, அந்த வீடியோ இன்னொரு காப்பி கெடைக்குமா என்று கேட்டால் லிங்கம் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை, அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள். அப்பா நலங்கு வைக்கிற இடம் இருக்கும்லா, அத மட்டும் தனியா எடுத்துக் குடுங்க. அம்மா சிரிக்கிற எடத்துல நிறுத்திப் பெரிசாப் போட்டுக் குடுங்க. ரெண்டாவது காப்பி என்றால் சாவு வீட்டுக் காப்பி, இருபது வருசத்தில் அதற்கு மாற்றமே கிடையாது. வடிவு பேசினதை டிஸ்க்கில் ஏற்றின அன்றைக்கே இன்னொன்றில் போடுவதற்கு மௌஸில் கையை வைத்தார், வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆபரேசனுக்கு முன்னாலேயே இவளுக்கு ரெண்டாவது காப்பி போடுகிறேனே, நான் என்ன சண்டாளன். பொழைச்சு வரட்டும், அப்புறம் பார்க்கலாம். பிழைத்து வந்தாள். வந்த பிறகு, இப்பத்தான நல்லா இருக்கா, இப்ப எதுக்குப் போய் அதைப் போட்டுக்கிட்டு என்று தள்ளினார். ஒவ்வொரு செக்கப்புக்கும் போய்விட்டு வந்து, அடுத்த செக்கப்பு முடியட்டும் என்று தள்ளினார். அவள் உயிரோடு இருக்க வேண்டுமென்றுதான் போடாமல் விட்டார், இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் கேட்கிறவன் பைத்தியம், கோட்டிக்காரப்பயல் என்பான், என்றால் சரியாகத்தான் இருக்கும்.

அதுவாவது போகட்டும். காலையில் செருகினதும் டிஸ்க் உடனே திறக்கவில்லை. ஏதோ தட்டுப்படுகிறது, சரிசெய்யட்டுமா என்று திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. வேறு எவன் டிஸ்க்காக இருந்தாலும் வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, முதலில் உள்ளதை உள்ளபடி இழுத்துக்கொண்டு அப்புறம்தான் மற்றது பார்ப்பார், இது அவருடைய கை தானாகச் செய்கிற வேலை. அவருடைய கை சரி என்று அமுக்கியது. ஏன் அமுக்கியது. அந்தச் சிரிப்பு, கீழே பேத்தியின் அழுகை, சீக்கிரம் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமென்கிற பறப்பு, அமுக்கிவிட்டார். டிஸ்க் கிடந்து அடித்துக்கொண்டது. கெட்ட இடத்தையெல்லாம் அதுவாகத் தேடித்தேடி, அங்கேயே முட்டி முட்டி, நல்ல இடத்தையும் சேர்த்துப் புண்ணாக்கிக்கொண்டு. அவர் பிடுங்கிப் போட்டபோது தொட்டால் கை சுட்டது. திருநெல்வேலியில் செத்த டிஸ்க்குகளிலிருந்து ஃபைல் எடுத்துக் கொடுக்கிற சேவியருக்குப் போன் போட்டார். சேவியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நீங்க ரிப்பேர் ஏதும் குடுக்கலியே?" என்றான். "சேச்சே, எனக்குத் தெரியாதா" என்றார் லிங்கம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வைத்தியனிடம் மறைத்தால் வியாதி தெளியுமா. ஆனால் சேவியரிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை, அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தபோது முதல் பாடமாக அவர் சொன்னதே அதுதான். "அப்போ சரி, கொஞ்சம் ஆறவிடுங்க. பேசாமச் சென்னைக்கு அனுப்பிருவோம். பொட்டுத் தூசியில்லாத ரூம்ல வச்சிப் பிரிச்சி எடுப்பான், மாசக்கணக்காவும்" என்றான். நாளைக்குப் பேர் வைக்கிறோம்டே என்றார். சேவியர், அப்படியானால் ஒரு புரோகிராம் அனுப்புகிறேன், அது மெதுவாகப் படிக்கும், படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகும், ஆனால் ஓட்ட ஓட்டக் கெடத்தான் செய்யும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றான். யோசித்தார். சென்னைக்கு அனுப்பினால் கிடைத்தாலும் கிடைக்கலாம், நாளைக்குக் கிடைக்காது. ஓட்டினால் நாளைக்குக் கிடைக்கலாம், இல்லையென்றால் எந்த நாளைக்கும் கிடைக்காது. கீழே போய் வடிவிடம் சொல்லலாம். என்னவென்று சொல்ல. உன் குரல் சென்னைக்குப் போயிருக்கிறது, வர மாசமாகும் என்றா. அவள் மூன்று வருசமாக எதையும் கேட்டதில்லை. ஓட்டிவிட்டார். இது சரியா தப்பா என்று இந்த நிமிசம் வரைக்கும் தெரியவில்லை, ஒவ்வொரு பச்சைக்கும் சரி, ஒவ்வொரு சிவப்புக்கும் தப்பு.

டக். டக். டக். இப்போது இழுப்பே இல்லாமல் அடிக்கிறது. அவரால் கண்ணை டிஸ்க்கிலிருந்து எடுக்க முடியவில்லை, கண் போய்ப் போய் அதன் மேல் காய்ந்து கிடந்த சந்தனப்பொட்டிலேயே நின்றது. காலையிலேயே பார்த்தாயிற்று. காலையிலிருந்து பார்க்காத மாதிரி இருந்தாயிற்று. போன மாசம் ஆயுத பூசைக்கு எப்போதும்போல எல்லாவற்றையும் அலம்பித் துடைத்து வைத்தார்கள், கேமரா, லைட், ட்ரைபாட், கம்ப்யூட்டர், அரிவாள்மனை, தாரணியின் பழைய தையல் மிஷின். அலமாரியில் கிடக்கிற டிஸ்க்குகளையும் எடுத்து அடுக்கி வைத்தாள் வடிவு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். மற்றதற்கெல்லாம் ஒப்புக்கு ஒரு தீற்றல். இந்த டிஸ்க்குக்கு மட்டும் நன்றாகக் குழைத்து, ஆள்காட்டி விரலால் அழுத்தி, பெரிய சந்தனப்பொட்டு, நடுவில் குங்குமம். பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வைத்தாள். டிஸ்க்கின் நெற்றியில் ஒரு பொடித் துளை உண்டு, உள்ளே காற்று போய்வருவதற்கு. அதைச் சுற்றி வட்டம் போட்டு, இதை மூடாதே என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். பொட்டு வைக்கிறவள் கண்ணுக்கு அது பொட்டு வைக்கிறதுக்கென்றே வரைந்த வட்டம் மாதிரித்தான் தெரியும். சரியாக அதிலேயே வைத்திருக்கிறாள். ஈரச் சந்தனம் துளைக்குள்ளே இறங்கியிருக்குமா. அதனால்தான் போயிற்றா. அதனாலெல்லாம் போகாது, சும்மா இரு. போகாது என்று எந்த மடையன் சொன்னான், மூடாதே என்று எழுதியே வைத்திருக்கிறானே. காற்றுப் போகிற துளை. அவளுக்கும் இப்போது கழுத்தில் அப்படி ஒரு துளைதான், குளிக்கும்போது தண்ணீர் இறங்கிவிடாமல் அவர் கையை வைத்து மறைத்துக்கொண்டு நிற்பார், ஒரு சொட்டு இறங்கினாலும் புரையேறி உயிர் போகிற மாதிரி இருமுவாள், அத்தனை பத்திரமாகப் பார்த்தவன் இதைப் பார்க்காமல் விட்டேனே. அவர் சட்டை நுனியை எச்சிலில் நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தார். காய்ந்துபோய் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினார், ஓடுகிற டிஸ்க்கைத் தொடக் கூடாது என்பதுகூட மறந்துபோய்ச் சுரண்டினார். அவளுக்குத் தெரியக் கூடாது. என்ன ஆனாலும் இது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. தன் குரலைத் தானே பொட்டு வைத்து அடைத்தேன் என்று அவள் நினைத்துவிட்டால். இல்லை, நான்தான் கெடுத்தேன், ரிப்பேர் அமுக்கினது நான், காப்பி போடாதது நான், என் தலையில் இருக்கட்டும், எல்லாம் என் தலையிலேயே இருக்கட்டும்.

கதவு திறந்தது, காப்பியோடு வடிவு. அவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், நகத்தில் சந்தனம். அவள் டம்ளரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள், பச்சையும் சிவப்புமாகக் கோலம் மாதிரி இருந்ததைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். என்ன இது. "காப்பி ஆகுது" என்றார். "பெரிய டிஸ்க்குலா, மெதுவாத்தான் ஆவும்." அவள் சிவப்பில் விரலை வைத்தாள். இது? "அது சும்மா. அது வேற ஒண்ணு." பொய் சொல்லும்போது அவர் இடது காது துடிக்கும் என்று பழைய வடிவு சொல்வாள், எந்தக் காது துடிக்கிறது பாருங்க என்று சொல்லிச் சிரிப்பாள். இவள் காதைப் பார்த்தாளோ என்னவோ. அவர் தோளில் கையை வைத்தாள். கையில் பெருங்காய வாசனை. போகும்போது வாசலில் நின்று திரும்பி, விரல் ஒன்றைக் காதோரம் வைத்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள், உதட்டைப் படித்துப் பார்த்தால், எனக்கும் மறந்துபோச்சு, என்றாள். என்ன மறந்துபோச்சு என்றார் அவர். என் குரல், என்றாள் உதட்டால். எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. நாளைக்குக் கேட்கணும். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் படியிறங்குகிற சத்தம் கேட்கிற வரைக்கும் லிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், அப்புறம் மேசையில் தலையை வைத்துக்கொண்டு, பிள்ளை அழுகிற மாதிரி, வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு அழுதார். பஞ்சு தைத்த சுவர், அடைத்திருக்க வேண்டியதே இல்லை.

தலையை நிமிர்த்தியபோது டிஸ்க் சத்தம் நின்றிருந்தது. கட்டங்கள் வளரவில்லை. செத்துப்போயிற்றா, முடிந்துபோயிற்றா. முடிந்துவிட்டது, படிக்க முடிந்ததையெல்லாம் படித்துவிட்டேன் என்று எழுதியிருந்தது. பக்கத்து டிஸ்க்கில் அவர் ஃபைல் வந்து உட்கார்ந்திருந்தது, பேர் சரியாக இருந்தது, வடிவு என்று அவர் வைத்த பேர், நீளமும் சரியாக இருந்தது, ஒரு குறையும் இல்லாமல் முழு நீளத்துக்கும் இருந்தது. லிங்கம் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏ சாமி. ஏ குற்றாலநாதா. போன் எடுத்து, "சேவியரே, முழுசா வந்துட்டுப்பா, முழு நீளத்துக்கு இருக்கு!" என்று கத்தினார். அந்தப் பக்கம் சேவியர் சந்தோசப்படவில்லை. "அண்ணாச்சி, நீளத்தப் பாக்காதிய. படிக்க முடியாத எடத்துல எல்லாம் அது சைபரப் போட்டு நெரப்பிரும், அதனால நீளம் கொறையாது. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்." சைபர்னா என்னப்பா என்றார், தெரியாமல் இல்லை, அவன் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டானா என்றுதான். "சைபர்னா சத்தம் இருக்காது அண்ணாச்சி" என்றான் சேவியர். போனை வைத்தார். போடலாமா. போட்டால் தெரிந்துவிடும். போடாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அது முழுசாக இருக்கும், பேர் இருக்கும், பேர் மட்டுமில்லாததும் இருக்கும். இப்பக் கேக்கப்படாது என்று அவள்தானே சொல்லியிருக்கிறாள், நாளைக்கு எல்லாரும் இருக்கும்போது போடலாம். எல்லாரும் இருக்கும்போது, சம்பந்தி வீட்டார் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சைபர் வந்தால். கை போய் அமுக்கிவிட்டது. காலையில் அமுக்கின அதே கை.

ஸ்பீக்கரில் முதலில் ஒரு கரகரப்பு. அதற்கப்புறம் ஒரு குரல், ஆம்பளைக் குரல், யாரது என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை. "வடிவு, மைக்கு ஓடுது. இன்னும் கொஞ்சம் கிட்ட வா. ஆங், அவ்வளவுதான். சிவப்பு லைட்டு எரியுதா, எரியுதுல்லா, அப்போ பேசலாம். தண்ணி வச்சிருக்கேன். நான் வெளிய இருக்கேன்." நாற்காலி நகர்கிற சத்தம். செருப்புச் சத்தம். "பயப்படாத, என்ன. நல்லாப் பேசு." கதவு சாத்துகிற சத்தம், இந்தக் கதவுதான், இதே கிறீச். ஒரு மூச்சு, உள்ளே இழுக்கிற மூச்சு, பேசுவதற்கு முன்னால் இழுப்பாளே, அது. இழுத்தது இழுத்தபடி அறுந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது, அது இன்றைக்குப் பெய்கிற மழை. திரையில் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது, பாட்டுக்கு நகர்கிற மாதிரி, எல்லாம் இருக்கிற மாதிரி. அவர் கோட்டை நடுவில் தள்ளிப் பார்த்தார், ஒன்றுமில்லை, கடைசிக்குத் தள்ளினார், ஒன்றுமில்லை, ஆரம்பத்துக்கே கொண்டுவந்தார், பயப்படாத, என்ன, நல்லாப் பேசு. கிறீச் என்று கதவு. மூச்சு. திரும்பத் திரும்ப அந்த மூச்சைப் போட்டார். அத்தனை பெரிய டிஸ்க்கில் பழனி மொட்டை பத்திரமாக இருக்கிறது, ஊரார் வீட்டுத் தாலிகட்டு அத்தனையும் பத்திரமாக இருக்கிறது, அவருடைய குரல் பத்திரமாக இருக்கிறது, யாருக்கு வேண்டும் அவருடைய குரல். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. காப்பி கொண்டுவந்தவள் கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறாள். அந்தக் குரல் கீழே வரைக்கும் கேட்டிருக்கிறது. வடிவு பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள், ஓடி வந்ததில் கழுத்துத் துணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவர் குரல் முடிந்ததும் அடுத்தது தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும். "வடிவு" என்று அவர் வாயெடுத்தார், அவள் உதட்டில் விரலை வைத்து, உஷ், பேசாதீங்க, என்றாள் ஜாடையில். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் திருப்பிப் போட்டு, தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டு, அந்தச் சின்னக் காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.